சிப்பி கரையுமா, மாமா?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியவள் நடுவில் ஒரு முற்றுப்புள்ளியாவது வைத்திருக்கலாம். மூச்சு வாங்க இடம் தேடித் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது: பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய எலுமிச்சைச் சாறு பிழிந்திருக்கிறாய். அதில் சிப்பி ஓட்டைப் போட்டு, நுரைத்துக்கொண்டு குமிழி கிளம்புவதைக் காட்டி, மேலே ‘நாளைய கடல்’ என்று அட்டை மாட்டி, இரண்டாம் பரிசும் வாங்கிவிட்டாய். சபாஷ். புளியங்குடிக்காரிக்கு எலுமிச்சைக்கா பஞ்சம்? மார்க்கெட்டில் கழித்துப் போட்ட காயே கூடைக்கணக்கில் கிடைத்திருக்கும்.

அதோடு விட்டாயா? “கடல் அமிலமாகிச் சங்கும் சிப்பியும் கரைந்துபோகுமாமே, தூத்துக்குடியில் கரைய ஆரம்பித்துவிட்டதா, நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், போய்ப் பார்த்தீர்களா?” என்று என்னையும் மாட்டிவிட்டாய். கடற்கரையில் குடியிருப்பவன் தினமும் காலையில் கடலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பான் என்று மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போகட்டும். இதே கேள்வியை இன்னும் சிலரும் என்னிடம் கேட்டுவிட்டதால் பதிலை ஊரறிய எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

முதலில் அந்த டம்ளர். பரிசைத் திருப்பிக் கொடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கண்காட்சிக்கு முன்னால் அந்த அட்டையைக் கிழித்துவிடு. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் இரண்டைச் சுற்றி இருக்கும். கடலின் மேல்மட்டத்துத் தண்ணீருக்கு அது ஏறக்குறைய 8.1. இரண்டுக்கும் நடுவில் ஆறு எண் இருக்கிறது; ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. ஆக, உன் டம்ளரில் இருந்த அமிலம் கடலில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு. பிஎச் அளவு மடக்கையில் போகிறது என்று உனக்குப் பாடத்திலேயே இருக்கிறது. மார்க்குக்காகப் படித்ததைக் கண்காட்சியில் மறந்துவிட்டாய்.

கடல் இன்றைக்கும் காரப் பக்கம்தான் நிற்கிறது. உலகம் இப்படியே கரி எரித்துக்கொண்டு போனாலும், 2100 வாக்கில் அது 7.7 அல்லது 7.8க்கு இறங்கலாம் என்றுதான் கணக்கிடுகிறார்கள். அப்போதும் ஏழுக்கு மேலேதான். உன் பேத்தி வாயில் கடல் தண்ணீர் பட்டாலும் உப்புத்தான் கரிக்கும், புளிக்காது.

“அப்படியென்றால் சும்மா பயமுறுத்துகிறார்களா?” என்று உடனே துள்ளுவாய். உன் குணம் தெரியாதா? ஒரு முனையில் நிற்காவிட்டால் மறுமுனைக்கு ஓடுவாய், நடுவில் கால் தரிக்காது. உட்கார்ந்து கேள். தொழிற்புரட்சிக்கு முன்னால் கடலின் பிஎச் 8.2ஐ ஒட்டி இருந்தது. இன்றைக்கு 8.1. பார்த்தால் ஒரு தசமப் புள்ளி. அதே மடக்கைக் கணக்கைப் போட்டுப் பார், ஹைட்ரஜன் அயனி நூற்றுக்கு முப்பது பங்கை ஒட்டிக் கூடியிருக்கிறது. இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுக்குள் நடந்த மாற்றம் இது. காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மனிதன் வெளியே விடுகிற இந்த வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. விழுங்காவிட்டால் நமக்கு வெயில் இன்னும் கொஞ்சம் உறைக்கும். அந்த உபகாரத்துக்குக் கடல் கொடுக்கிற விலையைத்தான் நீ கேட்டிருக்கிறாய்.

இந்த இடத்தில் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி கை தூக்குவாள். நீயாகவும் இருக்கலாம். “மாமா, சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட். கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் கார்பனேட் கூடத்தானே செய்யும்? ஓடு கட்ட இன்னும் வசதிதானே?” அருமையான கேள்வி, அருமையான தப்பு. இந்தத் தப்பை ஒழுங்காகத் திருத்திக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அது உடனே ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிட்டுப் பைகார்பனேட் ஆகிவிடுகிறது. கழன்ற அயனி சும்மா இருக்காது. கடலில் ஏற்கெனவே இருக்கிற கார்பனேட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். கடல்நீரில் கரைந்திருக்கிற கார்பனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போல ஏற்கெனவே பைகார்பனேட்தான். கார்பனேட் பத்துப் பங்குதான் தேறும். அந்தப் பத்தில்தான் கை வைக்கிறது. ஆகவே கரியமில வாயு கூடக்கூடக் கடலில் மொத்தக் கார்பன் ஏறும், கார்பனேட் மட்டும் இறங்கும். கடல்நீரில் ஓட்டுச் சுண்ணாம்பு படியுமா, கரையுமா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்துதான். கால்சியம் கடலில் ஏராளம், அதற்குக் குறைவில்லை. தட்டுப்பாடு கார்பனேட்டில்.

சிப்பிக்குள்ளே நடப்பது இதைவிடக் கொஞ்சம் சிக்கல். ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு திரவம் இருக்கிறது. சிப்பி அந்தத் திரவத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளித் தள்ளித்தான், உள்ளே கால்சியம் கார்பனேட் படிகிற நிலையை உண்டாக்குகிறது. தள்ளுவதற்குச் சக்தி வேண்டும், சக்திக்குத் தீனி வேண்டும். வெளியே ஏற்கெனவே ஹைட்ரஜன் அயனி கூடிக் கிடந்தால் தள்ளுவது அவ்வளவுக்கு அவ்வளவு சிரமம். மணல் விலையும் சிமென்ட் விலையும் ஏறினால் கட்டின வீடு இடிந்துவிடுமா? இடியாது. ஆனால் புதிதாகக் கட்டுகிறவன் ஒரு அறையைக் குறைப்பான், அல்லது கடன் வாங்குவான், அல்லது அஸ்திவாரத்தோடு நிறுத்திவிடுவான். கடலில் இப்போது ஏறிக்கொண்டிருப்பது கட்டுமானச் செலவு. ‘கரைகிறது, கரைகிறது’ என்று எல்லாரும் கத்துவதில் இந்தச் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்கள் யார்? குஞ்சுகள். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பியை எடுத்துக்கொள். ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் விடுகிறது. கருவான முட்டை ஏறக்குறைய ஒரு நாளைக்குள் தன் முதல் ஓட்டைக் கட்டி முடித்துவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயிர், ஆங்கில எழுத்து ‘டி’ மாதிரி இரண்டு சின்னக் கதவு. அதுவரைக்கும் அதற்கு வாயும் இல்லை, இரையும் இல்லை. முட்டைக்குள் தாய் வைத்துவிட்ட கொழுப்புத்தான் முதல். அந்தக் கையிருப்பு தீர்வதற்குள் ஓட்டைக் கட்டி, நீந்தப் பழகி, இரை தேடவும் தொடங்கியாக வேண்டும். போதாக்குறைக்கு அந்த முதல் ஓடு அரகோனைட் என்ற வகைச் சுண்ணாம்பு. கால்சைட் என்ற இன்னொரு வகையைவிட இது எளிதில் கரையும். ஓடு கட்டும் செலவு கொஞ்சம் கூடினாலும் பட்ஜெட் இடிக்கிறது. செத்துப்போன குஞ்சை யார் பார்க்கப்போகிறார்கள்? கரையில் ஒதுங்காது, வலையில் விழாது, பத்திரிகையில் வராது.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்காதே. அமெரிக்காவின் ஆரகன் கரையில், நெட்டார்ட்ஸ் விரிகுடா ஓரமாக, விஸ்கி கிரீக் என்று ஒரு சிப்பிக் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. (பெயரைப் பார்த்து அக்கா என்னைத் திட்ட வேண்டாம், அது ஓடையின் பெயர்.) மேற்குக் கரைச் சிப்பி வளர்ப்புக்காரர்கள் பலருக்கும் குஞ்சு கொடுக்கிற இடம் அது. 2007 தொடங்கித் தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன. முதலில் பாக்டீரியா என்று சந்தேகப்பட்டார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யக் கருவிகளை வைத்தார்கள். அப்படியும் சாவு நிற்கவில்லை. பிறகுதான் புரிந்தது. வடக்கிலிருந்து காற்று பலமாக அடிக்கிற நாளில், ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் கரையோரம் மேலே வருகிறது. அந்தத் தண்ணீரில் கரியமில வாயு அதிகம், கார்பனேட் குறைவு. அது விரிகுடாவுக்குள் வருகிற நேரத்தில் பிறந்த குஞ்சுகள்தான் தேறவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காலையில் தண்ணீர் எடுப்பதை விட்டுப் பிற்பகலில் எடுத்தார்கள். பகலெல்லாம் கடற்புல் வெயிலில் சமைத்து வாயுவைக் குறைத்துவிடும் என்பதால், பிற்பகல் தண்ணீர் தேவலாம். தொட்டிக்குள் சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், அளந்து கலந்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன. 2012இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். இதில் என்னை உறுத்துகிற விஷயம் வேறு. அடியிலிருந்து மேலே வந்த அந்தத் தண்ணீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது பல பத்தாண்டுகளுக்கு முன்னால். அன்றைய புகையைக் குடித்துவிட்டுக் கீழே போனதுதான் இன்றைக்கு மேலே வருகிறது. இன்றைய புகையைக் குடித்த தண்ணீர் இன்னும் கீழே கிடக்கிறது; அதன் முறை வரும்.

“நம்ம பக்கம் அப்படி உண்டா?” உண்டு, ஆனால் தூத்துக்குடியில் தேடாதே. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே மாதங்களில், தென்மேற்குப் பருவக்காற்று கன்னியாகுமரி தொடங்கிக் கேரளக் கரை நெடுக ஆழத்துத் தண்ணீரை மேலே இழுக்கிறது. குளிர்ந்தது, பிராணவாயு குறைந்தது, கரியமில வாயு கூடினது. மீனுக்கு அந்தத் தண்ணீர் கொண்டுவருகிற சத்தினால்தான் மத்தியும் அயிலையும் அள்ள அள்ளக் கிடைக்கின்றன. சிப்பிக் குஞ்சுக்கு அதே தண்ணீர் சோதனை. மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடல். வெந்நீரில் வாயு குறைவாகத்தான் கரையும், கார்பனேட்டும் இங்கே தாராளம். துருவக் கடல்களை ஒப்பிட்டால் நம் சிப்பிகள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அங்கே கடல் பட்டாம்பூச்சி என்கிற மிதக்கும் சின்ன நத்தைகளின் ஓட்டில் அரிப்பையே நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள்.

வசதியான வீடு என்றதும் நிம்மதியாகப் படுத்துவிடாதே. 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நம் கடலில் இருக்கிற அதே முத்துச் சிப்பி இனத்தை (பிங்டாடா ஃபுகாட்டா) பிஎச் 7.8, 7.6 என்று குறைத்த தண்ணீரில் நாலு வாரம் வைத்துப் பார்த்தார்கள். ஓட்டின் வலிமை ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. உள்ளே பளபளக்கிற முத்துப்படலத்தின் விளிம்பும் ஒழுங்காக அமையவில்லை. சிப்பி சாகவில்லை, கரைந்தும் போகவில்லை. ஆனால் நண்டுக்கும் திருக்கைக்கும் உடைக்கச் சுலபமான ஓடு.

இதைப் படித்ததும் உன் அடுத்த தப்பு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. “அதனால்தான் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோச்சா?” என்று கேட்டு, கண்காட்சி அட்டையில் அதையும் சேர்த்துவிடுவாய். சேர்க்காதே. இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முந்தின நூற்றாண்டுகளிலும் முத்துப்பார்கள் (சிப்பி படிகிற கடலடித் திட்டுகள்) திடீரென்று நிறையும், பிறகு பத்து வருஷம், இருபது வருஷம் வெறிச்சோடிக் கிடக்கும். டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் இதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இலங்கைப் பக்கத்துப் பார்களைப் பற்றி ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளர் 1903 முதல் ஐந்து பெரிய புத்தகமே போட்டார். நீரோட்டம், மணல் மூடுவது, மீன் தின்பது, அளவுக்கு மேல் குளித்து எடுத்தது என்று காரணங்கள் நிறைய. அமிலம் அந்தப் பட்டியலில் கடைசியாக வந்து சேர்ந்த புது ஆள். பழைய கொலைக்கெல்லாம் புது ஆள்மேல் வழக்குப் போட்டால் வழக்கு நிற்காது.

இதே மாதிரித்தான் பவளம் வெளுப்பதும். 2010, 2016 இரண்டு வருஷமும் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது, அது சூட்டினால். கரியமில வாயுதான் சூட்டுக்கும் காரணம் என்றாலும், வேலை வேறு. தூத்துக்குடிக்குப் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் மூழ்கியதும் அமிலத்தால் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று கடப்பாரை போட்டுப் பவளப்பாறையைப் பெயர்த்துப் படகு படகாக ஏற்றினோம். அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவு போயிற்று. கடலில் நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால், நாம் கையால் செய்ததும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வசதிதான், ஆனால் நியாயமில்லை.

உன் டம்ளருக்குத் திரும்ப ஒருமுறை வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போட்டது செத்த சிப்பி. கழுவிக் காயவைத்த ஓடு. உயிருள்ள சிப்பிக்கும் சங்குக்கும் ஓட்டுக்கு மேலே ஒரு தோல் உண்டு. பூஜை அறையில் வெள்ளைவெளேரென்று பார்க்கிறாயே, அந்தச் சங்கைக் குளிகாரர்கள் கடலுக்குள் பார்ப்பது பழுப்பாக, தோல் போர்த்தி. அந்தத் தோலை எடுத்துத் தேய்த்த பிறகுதான் வெள்ளை. தண்ணீர் நேரே சுண்ணாம்பைத் தொடாமல் அது காக்கிறது. மேற்குப் பசிபிக்கில் ஆழ்கடல் எரிமலை ஒன்றின் வாயருகே, பிஎச் 5.4க்கும் கீழே போகிற தண்ணீரில் ஒரு மட்டி இனம் கூட்டம் கூட்டமாக வாழ்வதை 2009இல் எழுதினார்கள். தோல் கிழியாதவரை அதற்கு உயிர் உண்டு. ஆனால் சாதாரணத் தண்ணீரில் வாழும் சொந்தக்காரர்களைவிட ஓடு பாதிக் கனம்தான், வளர்ச்சியும் பாதிதான். பிழைத்துக்கிடக்கலாம் என்பதற்கும் அதற்கு என்ன செலவு என்பதற்கும் ஒரே சாட்சி.

சங்கின் குஞ்சு வளர்கிற விதமும் வேறு. தாய்ச் சங்கு ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி முறுக்கிய ஒரு உறையை மணலில் நட்டு, அறை அறையாக முட்டை வைக்கிறது. குஞ்சு அதற்குள்ளேயே வளர்ந்து, குட்டிச் சங்காக ஊர்ந்து வெளியே வரும். முத்துச் சிப்பிக் குஞ்சு மாதிரி மூன்று வாரம் திறந்த கடலில் மிதக்கிற பாடு அதற்கு இல்லை. சிப்பியைப் பற்றிச் சொன்னதை அப்படியே சங்குக்கும் சொல்லாதே என்பதற்காகச் சொல்கிறேன். அதே மாதிரி நண்டு, இறால், சிங்கி எல்லாம் ஓடுள்ளவைதானே என்று ஒரே கூடையில் போடாதே. 2009இல் ஜஸ்டின் ரீஸ் என்பவரும் கூட்டாளிகளும் பதினெட்டு இனங்களை வாயு கூட்டிய தண்ணீரில் வளர்த்தார்கள். பத்து இனம் ஓடு கட்டுவதைக் குறைத்தது. ஒரு மட்டி இனம் கண்டுகொள்ளவே இல்லை. நண்டும் இறாலும் உட்பட ஏழு இனம் முன்பைவிடக் கூடுதலாகவே கட்டின. கூடுதலாகக் கட்டியது நல்லதா, அல்லது பயத்தில் சாப்பாட்டுக் காசையும் சுவருக்குப் போட்டதா என்பது வேறு விவாதம். எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

உன் வேதியியல் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதாக எழுதியிருந்தாய். டைனோசர் காலத்தில் காற்றில் இன்றைக்கு இருப்பதைவிட அதிகக் கரியமில வாயு இருந்ததே, அப்போது சிப்பிகள் செழித்துத்தானே கிடந்தன என்று. நல்ல ஆசிரியர், அவரை விட்டுவிடாதே. சாட்சிக்கு வெளிநாடு போக வேண்டாம், நம் அரியலூரே போதும். அங்கே கிரிட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன சிப்பியும் அம்மோனைட்டும் வயல்வெளியில் காலில் இடறும். ஆனால் அந்த வாயு ஏறியது லட்சக்கணக்கான வருஷத்தில், மெதுவாக. அந்த வேகத்தில் ஏறினால், மழை பாறையைக் கரைத்து, ஆறு அந்தக் காரச் சத்தைக் கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்து, கணக்கை நேர்செய்துவிடும். பிஎச் கொஞ்சம் இறங்கினாலும் கார்பனேட் இறங்காது. நாம் இருநூற்றுச் சொச்சம் வருஷத்தில் ஏற்றிவிட்டு, ஆறு என்ன செய்யும் என்று எதிர்பார்க்கிறோம்? ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை சில ஆயிரம் ஆண்டுக்குள் வாயு ஏறியது. கடலடியில் சுண்ணாம்புப் படிவே கரைந்து, அங்கே வாழ்ந்த ஓடுள்ள நுண்ணுயிர்களில் கணிசமான பகுதி அழிந்தது. ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லு. “எங்க மாமா சொன்னார்” என்று ஆரம்பிக்காதே.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இப்போது சிமென்ட் ஆகிறது. நம் தாழையூத்திலும் 1949இலிருந்து சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிறோம். நூறு கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு போய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். எரிக்கிற கரியின் புகை தனி. ஏன் சொல்கிறேன் என்றால், “கடலில் சுண்ணாம்பைக் கொட்டிச் சரிசெய்தால் என்ன?” என்று உன் கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறாய். தொட்டிக்குச் சரி, ஆரகன்காரர்கள் சுண்ணாம்புக்குப் பதில் சோடாவை வைத்து அதைத்தான் செய்தார்கள். கடலுக்கும் இந்த மாதிரிக் காரம் கலப்பதை உலகில் சிலர் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சுண்ணாம்பைச் சுடுகிற சூளையின் புகையையும் கணக்கில் எழுத வேண்டும். கடலின் அளவையும் கொஞ்சம் நினைத்துப் பார், மக்கா. நீ லாரி எண்ணிக்கையில் யோசிக்கிறாய்.

இன்னொரு யோசனை, இதைப் பெரியவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன்: சிப்பி வளர்ப்பைப் பெருக்கினால் கார்பன் எல்லாம் ஓட்டுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் என்று. தலைகீழ். சிப்பி இரண்டு பைகார்பனேட்டை எடுத்தால் ஒன்று ஓடாகிறது, இன்னொன்று கரியமில வாயுவாகத் தண்ணீருக்கே திரும்பிவிடுகிறது. சமன்பாட்டை எழுதிப் பார், உனக்குத் தெரியும். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் நம் சிப்பியில் முத்து விளைவித்துக் காட்டினார்கள்; 1981இல் முட்டையிலிருந்தே குஞ்சு வளர்த்தார்கள். பெரிய சாதனை, பிழைப்புக்கு நல்ல தொழில். புகைக்குப் பரிகாரமாக மட்டும் அதைச் சொல்லாதே.

அப்புறம், உன் அட்டையின் கீழ் மூலையில் ஆமை கழுத்தில் பிளாஸ்டிக் பை வரைந்திருக்கிறாய். அழகாகத்தான் வரைந்திருக்கிறாய். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஏட்டி? தூத்துக்குடித் தொழிற்சாலைக் கழிவு என்று ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கிறாய். கழிவுநீர் கெடுதல்தான், அது வேறு வழக்கு. இங்கே அனல்மின் நிலையம் 1979இலிருந்து விட்ட கரியமில வாயு தூத்துக்குடிக் கடலில் மட்டும் விழுவதில்லை, உலகக் காற்றோடு கலந்துவிடும். ஆர்க்டிக் நத்தைக்கும் அதில் பங்கு உண்டு, சிகாகோக்காரன் காருக்கு நம் சிப்பியிலும் பங்கு உண்டு. உள்ளூர்க் கணக்கு ஒன்று உண்டுதான்: விசாகப்பட்டினத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தார், குளிர்காலத்தில் நிலத்திலிருந்து வீசும் காற்று சுமந்துவரும் சல்பேட், நைட்ரேட் தூசும் வங்கக் கரையோரத்தில் அமிலத்தைக் கூட்டுவதாக எழுதியிருக்கிறார்கள். அம்புக்குறி போடத்தான் வேண்டும் என்றால் அதற்குப் போடு.

டம்ளருக்குப் பதிலாக என்ன வைப்பது என்று கேட்பாய். செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்த சாறு இருக்கிறதே, அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். ஒரு டம்ளரில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் கடல் தண்ணீர், இரண்டிலும் அந்தச் சாறு, இரண்டிலும் ஸ்ட்ரா போட்டு ஊது. உன் மூச்சிலிருக்கிற கரியமில வாயு போதும். கடல் தண்ணீர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று நீயே பார். நுரை பொங்காது, கூட்டம் கூடாது, பரிசும் ஒருவேளை வராது. ஆனால் அதில் பொய் இல்லை. கடல் தண்ணீர் ஒரு கேன் வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், சங்கரன்கோவிலில் அப்பாவை நிற்கச் சொல்.

கடைசியாக, அம்மாவுக்குத் தெரியாமல் ஓரத்தில் கிறுக்கியிருந்த கேள்வி. இதையெல்லாம் படிக்க எங்கே சேர வேண்டும் என்று. இங்கேயே தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977இலிருந்து இருக்கிறது, பி.எஃப்.எஸ்சி. என்று நாலு வருஷப் படிப்பு. “பொம்பளப் பிள்ளை கடலுக்கெல்லாம் போகணுமா” என்று அக்கா ஆரம்பிப்பாள். கொஞ்சம் பொறு, பொங்கலுக்கு வரும்போது நான் பேசிக்கொள்கிறேன். அதுவரைக்கும் அரையாண்டில் வேதியியலில் வாங்கின மார்க்கை அவளிடம் காட்டாமல் ஒளித்துவைத்திருக்கிறாயே, அதை முதலில் எடுத்துக் காட்டு.

அன்புடன்,
மாமா
தூத்துக்குடி